கொய்யா நோய்கள்: இலையைப் பார்த்தால் போதாது, வேரையும் பார்க்க வேண்டும்

ஏழைகளின் ஆப்பிள் எனப் பெயர் பெற்ற கொய்யா, எந்த மண்ணிலும் வளரும், எவ்விதக் கவனிப்பும் இன்றிக் காய்க்கும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணமே பல கொய்யா மரங்களுக்கு எமனாக முடிகிறது. மற்றப் பயிர்களுக்கு நோய் கண்டால் மறுநாளே மருந்துக் கடைக்கு ஓடும் விவசாயி, கொய்யா வாடினால் மட்டும், 'தண்ணீர் போதவில்லை போலும்' என்று இரண்டு குடம் நீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டு இருந்துவிடுகிறார். அந்த நீரே நோயை அடுத்த மரத்திற்குக் கொண்டு செல்கிறது.

வட சென்னையில் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பகுதிகளின் வீட்டுக் கொல்லைகளில் இரண்டொரு கொய்யா மரங்கள் நிற்பது உண்டு. சற்று வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல் வயல்களை அடுத்த மேட்டு நிலத்தில் சிறு தோட்டமாகவும் வைக்கலாம். இப்பகுதிக்குக் கொய்யா பெரும்பயிர் அன்று. ஆனாலும் நிலம் சிறிதாக உள்ள குடும்பத்திற்கு, பால் மாடு போல அவ்வப்போது கைச்செலவுக்குப் பணம் தரும் மரம் இது. நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து காசு பார்க்கலாம். பத்து மரம் வைத்தவருக்கு இரண்டு மரம் பட்டுப்போனால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதே குழியில் மறுபடியும் கன்று வைத்து அதுவும் பட்டால், போனது மூன்று ஆண்டு உழைப்பு.

இப்பகுதிக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உள்ளது. துறைமுகப் புழுதி, அனல் மின் நிலையச் சாம்பல், லாரிப் புகை, கிணற்று உப்பு என்று மரத்தை வருத்தும் காரணங்கள் பல. ஆகவே மரத்தில் எது தென்பட்டாலும், 'ஆலைப் புகையால் வந்தது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சில சமயம் அது உண்மைதான். பல சமயங்களில் உண்மையான நோய் அந்தச் சாக்கில் ஒளிந்துகொள்கிறது.

கரித்தூளா, கரும்பூசணமா?

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றப்பட்ட காலத்தில் ராயபுரம் பகுதியில் மாடியிலும் மரத்திலும் கருந்தூள் படிவது அன்றாட நிகழ்ச்சி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2011 அக்டோபர் முதல் அங்கே இந்தத் தூசிச் சரக்குகள் நிறுத்தப்பட்டன. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. ஆகவே எண்ணூர் சுற்று வட்டாரத்தில் இலை கறுத்தால் மக்கள் முதலில் நினைப்பது கரியைத்தான்.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஈரத் துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள். தூளாகக் கரைந்து துணியில் ஒட்டிக்கொண்டு, அடியில் பச்சை இலை பளிச்சென்று தெரிந்தால் அது புழுதி. மெல்லிய கறுப்புத் தாள் போலப் படலமாக உரிந்து வந்தால் அது கரும்பூசணம். கையில் பிசுபிசுப்பும் இருக்கும். உடனே இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பஞ்சு போல மாவுப்பூச்சியோ, வட்ட வட்டமாக வெண்மெழுகு இட்டதுபோல் சுருள் வெள்ளை ஈயோ இருக்கும். கிளையில் எறும்புகள் வரிசை கட்டி ஏறுவதும் அதற்கு அடையாளம். இப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளிவிடுகின்றன. அந்தத் தேனின்மேல் வளர்வதே கரும்பூசணம். இலையின் உள்ளே அது நுழைவதில்லை. வெயில் படாமல் மறைத்து, இலை உணவு தயாரிப்பதைக் கெடுக்கிறது.

எனவே இங்கே பூசணக் கொல்லி மருந்து வீண் செலவு. பூச்சியை ஒழித்தால் பூசணம் தானே போகும். மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் கரைத்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, அத்துடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தும் தெளிக்கலாம். ஏற்கெனவே படிந்த கறுப்புப் படலத்தை நீக்க வீட்டுக் கஞ்சியே போதும்: ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் கொதிக்க வைத்து, ஆறியபின் 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளித்தால், கஞ்சி காய்ந்து உரிந்து விழும்போது பூசணத்தையும் கூட்டிக்கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் இதைச் செய்யக் கூடாது. கஞ்சியிலேயே வேறு பூசணம் பிடிக்கும்.

மாவுப்பூச்சி என்றதும் கடுமையான பூச்சி மருந்தைத் தேடுவதும் தவறு. 2008ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலான பயிர்களைப் பாழாக்கியது, கொய்யாவையும் விடவில்லை. மருந்துகளுக்கு அடங்காத அப்பூச்சியை அடக்கியது, 2010ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தாம். கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவி.

புழுதியே படிந்திருந்தால், வாரம் ஒருமுறை நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிடுவதே மருந்து. உப்பு நீரால் கழுவுவது புண்ணில் உப்பைத் தேய்ப்பதற்குச் சமம்.

உப்பால் வரும் கருகல்

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருடன் கடல் நீர் கலந்து வருவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. நகரத்தின் குடிநீருக்காக ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததே இதற்கு முதற் காரணம். கிணற்று நீர் கரிப்பாக உள்ள தோட்டங்களில் கொய்யா இலைகள் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தீய்ந்து வரும். முதிர்ந்த இலைகளே முதலில் தீயும். வாய்க்காலின் ஓரமாக உள்ள எல்லா மரங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். கோடையில் மிகும், மழை பெய்தபின் துளிர்க்கும் இலை தெளிவாக இருக்கும்.

இது நோயன்று. இதற்கு எந்த மருந்தும் இல்லை. இங்கே உவர் நிலம், களர் நிலம் என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.5க்கு மேல் காட்டினால் அது பெரும்பாலும் களர்; ஜிப்சம் இடுவதால் பயன் உண்டு. மின் கடத்தும் திறன் 4க்கு மேல் காட்டினால் உவர். அங்கே ஜிப்சம் இடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதே. மழை நீரைப் பாத்தியில் தேக்கி, உப்பைக் கீழே இறக்கி, வடிகால் வழியே வெளியேற்றுவதுதான் வழி. வடகிழக்குப் பருவமழை இப்பகுதிக்குத் தரும் பெரிய உதவி அதுவே. களர் நிலத்திற்கு ஏற்றதென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திருச்சிக் கல்லூரி டி.ஆர்.ஒய். (ஜி) 1 என்ற கொய்யா இரகத்தை வெளியிட்டுள்ளது. புதிதாக நடுவோர் மண்ணைப் பரிசோதித்தபின் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

வாடல் நோய்

கொய்யாவின் நோய்களில் மிகக் கொடியது இதுதான். 1935ல் அலகாபாத் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டது. அதன்பின் உத்தரப் பிரதேசத்தின் பழத் தோட்டங்களில் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பூசணமே இதற்கு முக்கியக் காரணம். வேறு சில மண் பூசணங்களும் உடன் சேர்வதுண்டு. வேரின் காயங்கள் வழியாக உள்ளே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் நீர் இருக்கும். மரம் தாகத்தால் சாகும். தண்ணீர் போதவில்லை என்று விவசாயி ஏமாறுவது இதனால்தான்.

அடையாளங்களைக் கவனியுங்கள். முதலில் ஒரு கிளை மட்டும் வாடும். நுனியில் உள்ள இலைகள் மஞ்சளாகி, லேசாகச் சிவந்து, சுருண்டு உதிரும். அந்தக் கிளையில் உள்ள காய்கள் பெரிதாகாமல் கறுத்துக் கல்போல் இறுகி மரத்திலேயே நிற்கும். பிறகு அடுத்த கிளை. சில மரங்கள் இரண்டே வாரத்தில் முழுதும் பட்டுவிடும். சில ஓராண்டு வரை இழுத்துக்கொண்டிருக்கும். அடிமரத்திலோ பெருவேரிலோ பட்டையைக் கத்தியால் சீவிப் பார்த்தால் உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய கட்டை பழுப்பு நிறமாக மாறியிருக்கும். உப்பால் தீய்ந்த மரத்தில் இந்தப் பழுப்பு தெரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் வாடுவதும் நோய்க்கே உரிய குணம்.

மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் நிலத்திலும், காரத்தன்மை மிகுந்த மண்ணிலும் இந்நோய் அதிகம். தாழ்வான கடலோர நிலத்திற்கு இரண்டும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வேர்கள் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் வாடல் தலைகாட்டும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் வெள்ளம்போல் நாட்கணக்கில் நீர் நின்றால், அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு மரத்தையும் கவனித்துவர வேண்டும்.

முழுதும் வாடிய மரத்தைக் காப்பாற்ற முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் செத்த மரத்திற்கு மருந்து ஊற்றிச் செலவழிப்போர் ஏராளம். அம்மரத்தைத் தயங்காமல் வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்திலேயே எரித்துவிட வேண்டும். தோட்டத்தின் குறுக்கே இழுத்துச் சென்று வேலியோரம் போட்டால், வழியெல்லாம் நோயை விதைத்ததாகும். விறகுக்கு என்று வேர்க்கட்டையை அடுக்கி வைப்பதும் கூடாது. பட்ட மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடி ஆழத்திற்குப் பள்ளம் தோண்டிவிட்டால் வேரோடு வேர் தொட்டுப் பரவுவது தடைபடும். அந்தப் பள்ளத்து நீர் மற்ற மரங்களின் பக்கம் வடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் செலவழிக்க வேண்டியது பக்கத்து மரங்களுக்கே. கார்பெண்டாசிம் மருந்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கலந்து, வாடிய மரத்தை அடுத்துள்ள மரங்களின் வேர்ப்பகுதி நன்கு நனையும்படி ஊற்றலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை இட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் இட்டால் மருந்து நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும். 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் 2½ கிலோ டிரைக்கோடெர்மாத் தூளைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்திருந்து, பிறகு ஒவ்வொரு மரத்தின் பாத்தியிலும் வேப்பம் புண்ணாக்குடன் சேர்த்து இட்டால் பலன் கூடும்.

மண்வெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. கொய்யாவின் உணவு வேர்கள் மேல் மண்ணிலேயே பரவியிருக்கின்றன. ஆழமாகக் கொத்தினாலும் உழுதாலும் வேர்கள் அறுபட்டுப் பூசணத்திற்குக் கதவு திறந்துவிடப்படும். களையை அறுத்து மூடாக்காகப் போடுவதே சிறந்தது. ஒரே வாய்க்காலில் மரத்திற்கு மரம் நீர் ஓடும்படி விடாமல், ஒவ்வொரு மரத்திற்கும் தனி வட்டப் பாத்தி கட்டித் தனித்தனியே நீர் விட வேண்டும். அடிமரத்தை ஒட்டி நீர் நிற்கக் கூடாது.

ஆயக்குடியில் கண்டது

மேலே கூறியவை அனைத்தையும் செய்தும் மரம் தேறவில்லை என்றால், வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்த ஆயக்குடி. அங்கே மரங்கள் நலிந்து வாடியதற்குக் காரணம் தேடியபோது, வேர்களில் ஒரு வகை முடிச்சு நூற்புழு இருப்பது தெரிய வந்தது. மெலாய்டோகைன் என்டெரோலோபி என்னும் இந்த வகை இந்தியாவில் இருப்பதை 2016ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முதன்முறையாகப் பதிவு செய்தனர். 1983ல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு நிழல் மரத்தின் வேரிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட புழு இது. பெயரும் அந்த மரத்தின் பெயரே. பிரேசில் நாட்டில் 2001 முதல் கொய்யாத் தோட்டங்களை அழித்துவரும் புழுவும் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத இப்புழு சீனாவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ நடந்து வந்துவிடவில்லை. நூற்புழு தன் முயற்சியால் ஆண்டுக்குச் சில அடி நகர்ந்தாலே அதிகம். அதைத் தூர தேசத்திற்குத் தூக்கிச் செல்வது மனிதனே. கன்றின் வேரிலும், பாலிதீன் பையில் உள்ள மண்ணிலும், மண்வெட்டியில் ஒட்டிய சேற்றிலும். ஒரு லாரிக் கன்று, நூறு தோட்டங்களுக்குப் புழுவைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

தாக்கப்பட்ட மரம் வளர்ச்சி குன்றும். இலைகள் சிறுத்து, மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ மாறி, ஓரம் கருகி உதிரும். காய்கள் சிறுக்கும். உரம் போட்டாலும் ஏறாது. கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில் அரை அடி ஆழம் தோண்டிச் சல்லி வேர்களை எடுத்து நீரில் கழுவிப் பாருங்கள். மணி கோத்தாற்போலவும், சில இடங்களில் இஞ்சிக் கிழங்கு போலவும் வேர் வீங்கியிருந்தால் நூற்புழுவே. நாளடைவில் அந்த வேர்கள் அழுகிக் கறுத்துவிடும். துவரை, வேர்க்கடலை பயிரிட்டுப் பழகிய சிலர், 'வேரில் முடிச்சு இருப்பது நல்லதுதானே' என்று நினைக்கக் கூடும். பயறு வகைச் செடிகளின் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருவது. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். கொய்யாவில் அத்தகைய நல்ல முடிச்சு கிடையாது. நூற்புழுவின் முடிச்சு வேரே வீங்கியது; தள்ளினால் வேர்தான் அறும்.

ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். புழு துளைத்த வேர் வழியாகப் பியூசேரியம் பூசணமும் நுழைந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து மரத்தை விரைவில் முடித்துவிடும். பூசண மருந்து மட்டும் ஊற்றிப் பலனில்லாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புழு புகுந்த தோட்டத்திலிருந்து அதை அறவே ஒழிக்க இன்று வழியில்லை. அடக்கி வைக்கத்தான் முடியும். பர்புரியோசிலியம் லிலாசினம், போகோனியா ஆகிய நன்மை செய்யும் பூசணங்கள் புழுவின் முட்டைகளைத் தின்பவை. இவற்றைத் தொழு உரத்திலும் வேப்பம் புண்ணாக்கிலும் கலந்து, மண்ணில் ஈரம் உள்ளபோது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இட வேண்டும். மரங்களின் இடையே செண்டுமல்லியை நெருக்கமாகப் பயிரிடுவது நல்ல உத்தி; அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது, பூவும் விற்பனைக்கு ஆகும். மாறாகத் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றை ஊடுபயிராக வைப்பது புழுவுக்கு விருந்து வைப்பதாகும். நூற்புழுவைத் தாங்கும் தக்காளி என்று விற்கப்படும் இரகங்களையும் இந்தப் புதிய வகை விட்டுவைப்பதில்லை.

வட சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் பொருள் ஒன்று உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் கழிவாகப் போகும் இறால் ஓட்டில் கைட்டின் என்ற பொருள் உள்ளது. நூற்புழு முட்டையின் மேலோட்டிலும் அதே பொருள்தான். இறால் ஓட்டை மண்ணில் சேர்த்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி முட்டைகளையும் சிதைக்கின்றன. பச்சையாகப் போட்டால் நாற்றமும் ஈயும் நாயும் வரும்; உப்பும் சேரும். நல்ல நீரில் இரண்டு முறை அலசி, சாணத்துடனும் மண்ணுடனும் அடுக்கி இரண்டு மூன்று மாதம் மக்கவைத்த பிறகே இட வேண்டும். ஏற்கெனவே உவர்ப்பான நிலத்தில் இதைத் தவிர்ப்பதே நலம். இது துணை செய்யுமே தவிர, இது ஒன்றே போதும் என்று நம்பிவிடக் கூடாது.

இதைவிட மலிவான, உறுதியான பாதுகாப்பு கன்று வாங்கும் இடத்திலேயே இருக்கிறது. நூறு கன்று வாங்கும்போது, அங்கொன்று இங்கொன்றாக நான்கைந்து கன்றுகளின் பையைக் கிழித்து, வேரை ஒரு வாளி நீரில் அலசிப் பார்க்க வேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு கன்றில் முடிச்சு இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் வேண்டாம். கிழித்த நான்கு கன்றின் விலையைக் கொடுத்துவிட்டாலும் நட்டமில்லை. வேகமாகக் காய்க்கிறது, பழம் பெரிது, சதை சிவப்பு என்றெல்லாம் சாலையோரத்தில் வண்டியில் வைத்து விற்கப்படும் கன்றுகளை, எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல் வாங்கி நடுவது பெரிய அபாயம்.

காயைக் கெடுக்கும் நோய்கள்

மரத்தைக் கொல்லாமல் சந்தை விலையைக் கொல்லும் நோய்கள் சில உண்டு. பச்சைக் காயில் துருப்பிடித்தாற்போல் சிறு புள்ளிகள் தோன்றி, தோல் வெடித்து, நடுவில் குழியாகவும் விளிம்பு தடித்தும் சொறி போல் ஆவது பெஸ்டலோஷியா பூசணத்தால் வரும் சொறி நோய். உள்ளே சதை பெரும்பாலும் கெடாது. ஆயினும் வியாபாரி கூடையில் முதலில் ஒதுக்குவது இந்தக் காயைத்தான். இதே போன்ற சொறியைத் தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப் பூச்சியும் உண்டாக்கும். பூச்சி குத்திய இடம் தக்கை போல் தடித்துவிடும், இளந்துளிரும் கருகியிருக்கும், அதிகாலையில் மரத்தைப் பார்த்தால் மெல்லிய உடலும் நீண்ட காலும் கொண்ட பூச்சியே கண்ணில் படும். அதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி வீதம், பிஞ்சு பிடித்தது முதல் மூன்று வாரத்திற்கு ஒரு முறை நான்கு தடவை தெளிக்க வேண்டும். பூச்சி குத்திய காய்க்குத் தாமிர மருந்து அடித்துவிட்டு, 'மருந்தே சரியில்லை' என்று கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை.

நுனிக் கிளை காய்ந்து பின்னோக்கி வருவதும், காயில் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளி தோன்றி அமுங்கி விரிவதும் ஆந்த்ராக்னோஸ் என்னும் கருகல் நோய். மழைக்காலத்தில் மிகும். பழுக்கும்போது புள்ளியின் மேல் இளஞ்சிவப்பான பசை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். காய்ந்த கிளைகளைப் பச்சைக் கட்டை தெரியும்வரை கவாத்து செய்து எரித்துவிட வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்.

கடற்காற்றின் ஈரம் படும் தோட்டங்களில், இலையின் மேல் பட்டுத் துணிபோல் மெத்தென்று செங்கல் நிற அல்லது பச்சைப் புள்ளிகள் காணப்படும். இது பூசணமன்று, ஒரு வகைப் பாசி. நெருங்கி வளர்ந்து காற்றோட்டம் இல்லாத மரத்தில்தான் வரும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் இரு வார இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் போகும்.

அடைமழையில் தரையைத் தொடும் காய்கள் வெண்பஞ்சு போர்த்தி அழுகுவதைப் பலர் பார்த்திருப்பர். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கிளைகளை நீக்கிவிட்டாலே இதில் பாதி குறையும். விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பது பழ ஈயையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

காய் வெடித்து இறுகினால், நோய் என்று கொள்ளுமுன் போரான் சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் வெண்காரம் லிட்டருக்கு 3 கிராம் தெளித்தால் சரியாகும். யூரியா ஒரு சதம், துத்தநாக சல்பேட் அரை சதம் சேர்த்து மார்ச், அக்டோபர் மாதங்களில் தெளிப்பது விளைச்சலைக் கூட்டும்.

போர்டோ கலவையை வீட்டிலேயே செய்வது

பிரான்சு நாட்டின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த இந்த மருந்து, நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியும் பயன் குன்றவில்லை. கடையில் வாங்குவதைவிட மலிவு. பத்து மரம் உள்ளவருக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் கலவை வரை தேவைப்படலாம். மரத்தின் பெருக்கத்தைப் பொறுத்து அளவு கூடும்.

பத்து லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், நீறாத சுண்ணாம்பு 100 கிராம் வேண்டும். மயில்துத்தத்தை முதல் நாள் இரவே துணியில் முடிந்து, பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரில் தொங்கவிட்டால் காலையில் கரைந்திருக்கும். சுண்ணாம்பை வேறொரு வாளியில் சிறிது சிறிதாக நீர் விட்டு நீற்றி, 5 லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவும் ஆகும். ஆனால் புதிதாகச் சுட்டதாக இருக்க வேண்டும். காற்றுப்பட்டுப் பொடிந்த பழைய சுண்ணாம்பில் வேகம் இராது. பின் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துவிடும். இரும்பு, தகர வாளிகள் உதவா.

கலந்தபின் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. இல்லாவிட்டால் அது இலையைப் பொசுக்கும். அன்று செய்த கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். கையுறையும் முகத்தில் துணியும் கட்டாயம். பறிக்கப்போகும் காய்கள் மரத்தில் இருக்கும்போது தெளிக்காமல், மழைக்கு முன்னும், பிஞ்சுப் பருவத்திலும் இரு வார இடைவெளியில் மூன்று நான்கு முறை தெளிப்பது முறை.

பழைய குறிப்பேடுகளில் பி.எச்.சி., எண்டோசல்ஃபான் முதலிய பெயர்களை எழுதி வைத்திருப்போர் அவற்றை அடித்துவிட வேண்டும். பி.எச்.சி. 1997லும் எண்டோசல்ஃபான் 2011லும் தடை செய்யப்பட்டுவிட்டன. பரணில் பழைய டப்பா எஞ்சியிருந்தால் அதையும் உபயோகிக்கலாகாது.

பட்ட மரத்தின் குழியில்

மரத்தை அகற்றிய குழியில் உடனே மீண்டும் கொய்யா நடக் கூடாது. குழியைத் திறந்து கோடை வெயிலில் காயவிட்டு, தொழு உரமும் டிரைக்கோடெர்மாவும் இட்டு மூடி, இரண்டு மூன்று ஆண்டு வேறு பயிர் வைக்க வேண்டும். நூற்புழு இல்லாத நிலமானால் எதுவும் வைக்கலாம். புழு இருந்தால் செண்டுமல்லி, சோளம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம். கொய்யாவேதான் வேண்டும் என்போர், பழைய குழியிலிருந்து தள்ளி, மேடு கட்டி, வேர் பார்த்து வாங்கிய கன்றை நடலாம்.

நோய் எதுவென்று தீர்மானிக்க முடியாதபோது, செத்த மரத்தின் வேரைக் கொண்டுபோவதில் பயனில்லை. அதில் எல்லாப் பூசணமும் ஏறியிருக்கும். இப்போதுதான் வாடத் தொடங்கிய மரத்தின் சல்லி வேர் ஒரு கைப்பிடி, அதே இடத்து ஈரமண் அரைக் கிலோ, இரண்டையும் ஒரே பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் அன்றே எடுத்துச் செல்ல வேண்டும். வேர் காய்ந்தால் புழு இறந்துவிடும். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, திருவள்ளூரை அடுத்த திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துக் கேட்கலாம். பையின் மேல், மரத்தின் வயது, கன்று வாங்கிய இடம், நீர் கிணறா குழாயா, எத்தனை மரம் வாடியது என்ற விவரங்களை ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவது அவசியம்.